ஜெயரூபினியின் வலது முழங்கால்

சும்மா இரு என்று சொன்னால் ஜெயரூபினிக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று அவளுடைய தாய் அற்புதம் ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். அதில் பொய் கொஞ்சம்தான். பூசையில் பிரசங்கம் நீண்டால் ஜெயரூபினியின் கால் தன்பாட்டில் ஆடத் தொடங்கும். முன்வாங்கில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்தி நடந்து நடந்துதான் சாப்பிடுவாள். பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருக்கையில், "ஒருக்கா வலையைப் பாத்திட்டு வாறன்" என்று எழும்பிப் போனவள், அவர்களுடைய சைக்கிள்கள் ஒழுங்கையைத் தாண்டிய பிறகுதான் திரும்பி வந்தாள். அதுவும் இரண்டு முறை.

அப்படிப்பட்டவள் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு கதிரையில் இருந்து, எதிரே போட்ட இன்னொரு கதிரையில் வலது காலை நீட்டிக்கொண்டு, முற்றத்துக் கோழிகளை ஏசிக்கொண்டிருந்தாள். முழங்காலைச் சுற்றி உழுத்தம்மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் போட்ட பத்து காய்ந்து இறுகியிருந்தது. அதன் மேல் தகப்பனின் பழைய சாறத்துண்டு. அந்த வாசத்துக்கு எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அவற்றைத் தட்டிவிடுவது ஒன்றுதான் அவளுக்கு வேலை.

கடலுக்கும் களப்புக்கும் நடுவில் நீளவாக்கில் கிடந்த ஒரு துண்டு மணலில் அவர்களுடைய ஊர். ஒரு பக்கம் போனால் அலை, மறுபக்கம் போனால் களப்பின் தேங்கிய தண்ணீரும் சேறும். வெளியே போக ஒரேயொரு கிரவல் றோட்டு. அது வடக்கே போய், சந்தியில் திரும்பி, புதுக்குடியிருப்புப் பக்கம் போகும். அந்த றோட்டால் ஒவ்வொரு சனிக்கிழமையும் கருவாட்டு மூட்டையைச் சைக்கிள் கரியலில் கட்டிக்கொண்டு தர்மபுரம் வரை போய்வருவது ஜெயரூபினியின் பொறுப்பு. விடியப் புறப்பட்டால் பொழுதுபடத் திரும்பலாம். போகும்போது கருவாடு, வரும்போது நெல், கச்சான், பயறு. வீட்டாருக்கு அது பண்டமாற்று. அவளுக்கு அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும்.

அப்படி வந்த ஒரு சனிக்கிழமைதான் விசுவமடு தாண்டி உடைந்து கிடந்த மதகில் விழுந்தாள். கீழே அவள், அவளுக்கு மேலே நெல்மூட்டை, மூட்டைக்கு மேலே சைக்கிள். வலது முழங்கால் உள்பக்கமாகத் திரும்பி ஒரு சத்தம் போட்டது.

புதுக்குடியிருப்பில் முறிவு நெரிவு பார்க்கும் தங்கராசாப் பரியாரியார் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எலும்பு முறியேல்லை. உள்ளுக்குள்ளை நரம்பு இழுபட்டிருக்கு. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஓடக்கூடாது, குந்தக்கூடாது. சொல்வழி கேளாமல் ஓடினியெண்டால் பிறகு இந்தக் கால் சைக்கிளுக்கும் உதவாது."

"நடக்கலாமோ?"

"ஆறுதலா நடக்கலாம்."

"நீந்தலாமோ?"

"நீ என்ன மீனோ?"

"கொஞ்சமாச் சைக்கிள் ஓடினால்?"

பரியாரியார் அவளோடு வந்திருந்த தாயைப் பார்த்தார். "அம்மா, வீட்டிலை வள்ளம் கட்டுற கயிறு இருக்கும்தானே? அதாலை இவவை ஒரு மரத்தோடை கட்டிவிடுங்கோ."

ஜெயரூபினி இவ்வளவு கேட்டதற்குக் காரணம் இருந்தது. சண்டை நிப்பாட்டியிருந்த மாதங்கள் அவை. இரவில் கடலுக்குள் மீன்பிடி வள்ளங்களின் வெளிச்சம் தெரிந்தது. சனங்கள் கொஞ்சம் உரத்துச் சிரித்தார்கள். புதிதாக வந்திருந்த பங்குச் சுவாமியார், உயிர்த்த ஞாயிறுக்கு முன்னமே பங்குனியில் வரும் சூசையப்பர் திருநாளைப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று நின்றார். அவர் வெளிநாட்டில் படித்த காலத்தில் பார்த்த ஒரு போட்டியை ஊருக்குக் கொண்டுவந்தார்: நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் மூச்சு விடாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிப்பது. களப்பின் நடுவிலுள்ள மணல்திட்டிலிருந்து கரைக்கு நீந்த வேண்டும். அங்கிருந்து சந்திவரை சைக்கிளில் போய்த் திரும்பி, வள்ளங்கள் இழுத்து வைக்கும் வாடியில் இறங்க வேண்டும். பிறகு கடற்கரை மணலால் கோயில்வரை ஓட்டம். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று.

பெண்களில் நாலு பேர்தான் பெயர் கொடுத்தார்கள். முதல் பெயர் ஜெயரூபினி. இரண்டாவது அவளுடைய மச்சாள் நிறஞ்சனா. புதுக்குடியிருப்பில் ரியூசன் படிப்பிக்கிறவள், காலும் நீளம், வாயும் நீளம். மற்ற இருவர் இராசமலர், அருந்ததி. பெயர் கொடுத்த மறு சனிக்கிழமைதான் அந்த மதகு.

பெயரை வெட்டச் சொல்லித் தாய் சொன்னாள். தகப்பன் பஸ்தியாம்பிள்ளை வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவர், சங்கத்துக்கு வெளியே பேசுவது குறைவு. ஜெயரூபினி வெட்டவில்லை. இவ்வளவு காலமும் அவள் ஓடியது, சைக்கிள் உழக்கியது, தண்டு வலித்தது எல்லாம் எதையாவது ஓரிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான். ஒன்றையும் கட்டாமல், ஒருவருக்கும் வேண்டாமல், சும்மா ஓடிப்பார்த்தால் எப்படியிருக்கும்? அதை அறியாமல் விடுவதற்கு அவளுக்கு மனமில்லை. அதற்காக முழங்காலை இழக்கவும் மனமில்லை. கால் போனால் சனிக்கிழமையும் போய்விடும்.

கதிரையில் இருந்தபடியே கணக்குப் போட்டாள். மூன்றில் ஓட்டம் மட்டும்தான் கூடாது. நீச்சலிலும் சைக்கிளிலும் மற்றவர்களைப் போதுமான தூரம் பின்னால் விட்டுவிட்டால் கடைசித் துண்டை நடந்தே முடிக்கலாம்.

"நடந்து வெல்லப் போறியோ?" என்றான் தம்பி ஸ்ரனிஸ்லஸ். அவளுக்கு இரண்டு வயது இளையவன், தகப்பனோடு தொழிலுக்குப் போகிறவன். "அப்ப இருந்துகொண்டே வெல்லலாமே. இருக்கத்தான் உனக்கு ஏலாதே."

"நீ வாயை மூடிக்கொண்டு அந்த மிதவையைக் கழட்டித் தா."

தண்ணீரில் காலை அடித்தால்தான் முழங்கால் நொந்தது. ஆகவே வலையில் கட்டும் மிதவை ஒன்றை இரண்டு தொடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, காலை ஆட்டாமல், கையால் மட்டும் நீந்தப் பழகினாள். முதல் நாள் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தாள். பிறகு பிடிபட்டது. கை மாறிக் கை போட, கால் இரண்டும் கயிற்றில் கட்டிய பலகை மாதிரிப் பின்னால் வந்தன. மாசி பிறந்து காலம் தப்பிய மழை இரண்டு நாள் விடாமல் கொட்டியபோது களப்பு தளும்பியது. அவளுக்கு அது கொண்டாட்டம். எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது.

கரையில் நின்று பார்த்த நிறஞ்சனா கேட்டாள்: "என்ன மச்சாள், முட்டை அடைகாக்கிறியளோ?"

"ஓம். பொரிச்சாப் பிறகு உனக்கொரு குஞ்சு தாறன்."

"கால் இப்ப எப்பிடி?"

"உன்னை முந்துற அளவுக்கு இருக்கு."

சைக்கிளில்தான் எதிர்பாராத கரைச்சல். ஒரு பின்நேரம் தாய் செபமாலைக்குப் போன நேரம் பார்த்து ஏறினாள். கரியலில் ஒன்றுமில்லாத சைக்கிள் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளியது. பின்னால் மூட்டை இழுக்க, முன்னால் அவள் அழுத்த, அப்படியே ஆண்டுக்கணக்காகப் பழகிய கை. இழுக்க ஒன்றும் இல்லாததால் ஹாண்டில் அங்குமிங்கும் போய், அவளைக் கிடுகுவேலிக்குள் கொண்டுபோய் விட்டது.

ஸ்ரனிஸ்லஸ் சிரித்துச் சிரித்து மணலில் இருந்துவிட்டான். "அக்கா, ஒரு மூட்டை மணல் கட்டிவிடட்டே?"

அவன் பகிடிக்குச் சொன்னான். அவள் அடுத்த நாள் சுவாமியாரிடம் போய் உண்மையாகவே கேட்டாள். "பாதர், போட்டியிலை கரியலிலை பாரம் கட்டலாமோ?"

சுவாமியார் சொன்னார்: "இவ்வளவு நாளும் பாரம் குறைக்கலாமோ எண்டுதான் கேட்டவை. கட்டக்கூடாதெண்டு சட்டமில்லை, பிள்ளை. ஆனால் நான் சிரிப்பன்."

அதனால் வெறும் சைக்கிள் ஓடப் பழகினாள். இடது காலால் அழுத்தி, வலது காலைப் பெடலில் சும்மா வைத்திருந்து, ஒழுங்கையில் இந்தத் தலைப்புக்கும் அந்தத் தலைப்புக்கும்.

இதற்கிடையில் சனிக்கிழமைகள் வந்து போயின. கருவாட்டை ஸ்ரனிஸ்லஸ் கொண்டுபோனான். முதல்முறை உமி கூடின நெல்லோடு வந்தான். இரண்டாம்முறை விசுவமடுவில் கரப்பந்தாட்டம் பார்த்துவிட்டுப் பாதிக் கருவாட்டைத் திருப்பிக் கொண்டுவந்தான். "அங்கை மீனம்மா எண்ட மனுசி உன்னைக் கேட்டவா" என்றான். "என்ன கேட்டவா?" என்றால், "மறந்துபோனன்" என்றான். அன்று ஜெயரூபினிக்கு நித்திரை வரவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை அவள் தாயிடம், பத்து மாற்றப் பரியாரியாரிடம் போவதாகச் சொன்னாள். பொய்யில்லை. சைக்கிளைப் புதுக்குடியிருப்புச் சந்தைத் தேத்தண்ணிக் கடையில் மறைவாகச் சாத்திவிட்டு, நொண்டி நொண்டி நடந்துபோய்ப் பத்து மாற்றினாள். "வீக்கம் வத்தியிருக்கு. சொல்லுக்கேட்டு இருந்திருக்கிறாய்" என்று பரியாரியார் மெச்சினார். அந்த மெச்சலோடு தேத்தண்ணிக் கடைக்குத் திரும்பி வந்து, தம்பி திருப்பிக் கொண்டுவந்த அரை மூட்டைக் கருவாட்டோடு சைக்கிளில் ஏறி, வீட்டுப் பக்கம் திருப்பாமல் தர்மபுரம் பக்கம் திருப்பினாள்.

மீனம்மாவும் அவள் புருசன் வீரபாகுவும் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து கலவரத்தில் துரத்துப்பட்டு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். ஜெயரூபினியின் கருவாட்டில் முதல் பங்கு எப்போதும் அவர்களுக்கு.

"அடி ஆத்தா! காலுல என்னாடி கட்டு?" மீனம்மா முற்றத்துக்கு ஓடிவந்தாள்.

"விழுந்திட்டன் மீனம்மாக்கா."

"விழுந்தவ வீட்ல கெடக்க வேண்டியதுதானே? சைக்கிள் மிதிச்சு வந்திருக்கா பாரு. ஒனக்கெல்லாம் ஆண்டவன் காலு வச்சதே தப்பு. ரெண்டு சக்கரத்த மாட்டி விட்டிருக்கணும்."

வீரபாகு சிரிக்கவில்லை. அவர் அந்தப் போகத்தில் களப்போரத்தில் ஒரு பள்ளக்காணியைக் குத்தகைக்கு எடுத்து விதைத்திருந்தார். கொட்டில் போட்டு அங்கேயே காவல் கிடந்தவர், முதல் நாள்தான் வீட்டுக்கு வந்திருந்தார். விளைந்து அறுக்க நின்ற பயிர் அந்த இரண்டு நாள் மழையில் சாய்ந்தது. களப்பு பெருகி வயலுக்குள் ஏறி நின்றுவிட்டது. அவருக்கு மட்டுமல்ல, அந்தப் பக்கம் விதைத்த எல்லோருக்கும்.

அவர் உள்ளே போய் ஒரு பிடி நெற்கதிரைக் கொண்டுவந்தார். வைக்கோலால் கட்டியிருந்தது. நெல்மணிகளிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது.

ஜெயரூபினிக்கு விளங்கிவிட்டது. களப்பு கடலோடு சேரும் இடத்தைத் தொடுவாய் என்பார்கள். மழைக்காலம் போனதும் அலை மணலைக் குவித்து அதை மூடிவிடும். மூடின தொடுவாயை வெட்டிவிட்டால் களப்புத் தண்ணீர் கடலுக்குப் போகும், வயலில் நின்ற தண்ணீரும் வடியும். ஆனால் வெட்டும் உரிமை கடற்காரருக்கு. வெட்டினால் களப்பில் வளரும் இறாலில் பாதி தண்ணீரோடு போய்விடும் என்பதால் அவர்கள் சும்மா சம்மதிப்பதில்லை. அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தண்ணீரில் கிடந்து முளைவிட்ட கதிரை ஒரு பிடி கட்டி, கடற்கரை வீடொன்றின் ஆள் கையாலேயே வயற்காரர் அனுப்ப வேண்டும். அந்தக் கதிர் வந்து சேர்ந்தால் சங்கத்தார் மறுகதை கதையாமல் மண்வெட்டியைத் தூக்க வேண்டும்.

"இத ஒங்கப்பா கையில சேத்துரு பாப்பா" என்றார் வீரபாகு. "இன்னும் ஒரு வாரம் நின்னா அறுக்க ஒண்ணும் இருக்காது."

போட்டி அடுத்த சனிக்கிழமை.

"வேறை ஆரிட்டையும் குடுத்து விட்டனீங்களோ?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே சரியாகப் படவில்லை.

"இல்லம்மா. நீ எப்படியும் வருவேன்னு இவதான் சொன்னா."

கதிர்க்கட்டை மீனம்மா கரியலில் வைத்து, பயற்றுப் பைக்கு மேலே கட்டிவிட்டாள்.

அன்று வந்த வழி போல் நீண்ட வழியை ஜெயரூபினி கண்டதில்லை. தான் விழுந்த மதகுக்குக் கிட்ட வந்ததும் இறங்கி, சைக்கிளைச் சாத்திவிட்டு, முன்னும் பின்னும் நடந்தாள். முழங்கால் வலித்தது, வலிக்கட்டும் என்று நடந்தாள். தண்ணீர் வடிந்தால் நீச்சல் இல்லை. நீச்சல் இல்லையென்றால் முன்னுக்குப் போக வழியில்லை, கடைசித் துண்டை நடக்கும் கணக்கும் இல்லை. திங்கட்கிழமை கொடுத்தால் என்ன? வெள்ளிக்கிழமை கொடுத்தால்? தம்பியிடம் கொடுத்தேன், அவன் மறந்துவிட்டான் என்றால் ஊரே நம்பும். கட்டை அவிழ்த்து வாய்க்காலில் எறிந்தால் கேட்க ஒரு காகம்தான் பக்கத்தில் நின்றது.

கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வீரபாகுவின் கையில் வெள்ளையாக மட்டும் தெரிந்த வேர்களுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளிகள். இந்தச் சனியன் ஒரு நாளைக்குச் சும்மா கிடவாதோ என்று ஏசினாள். பிறகு, கொடுக்காமல் விட்டால் அடுத்த முறை மீனம்மாவின் முற்றத்தில் எந்த முகத்தோடு சைக்கிளைச் சாத்துவது என்று யோசித்தாள். நல்ல மனம் என்று அதைச் சொல்ல முடியாது. அவளுக்கு அந்த முற்றம் வேண்டும், அவ்வளவுதான். கோபத்தோடு ஏறி, கோபத்தோடு உழக்கி, பொழுதுபட வீடு வந்து, கட்டைத் தகப்பனின் கையில் வைத்தாள்.

பஸ்தியாம்பிள்ளை ஒரு மணியை நகத்தால் கிள்ளிப் பார்த்தார். சட்டையைக் கொளுவிக்கொண்டு சங்கத்து ஆட்களைத் தேடிப் போனார்.

"பரியாரியாரிட்டைப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத் தர்மபுரம் போனியோடி?" என்று தாய் அகப்பையோடு வந்தாள்.

"இரண்டு இடமும்தான் போனனான்."

ஸ்ரனிஸ்லஸ் மட்டும் வேறு பக்கத்தால் கேட்டான். "அக்கா, தொடுவாயை வெட்டினால் நீ எங்கை நீந்துறது? உனக்கென்ன விசரே?"

"எனக்குத் தெரியாதெண்டோ நினைக்கிறாய்? போய் மண்வெட்டியைத் தீட்டு."

ஞாயிறு பூசை முடிந்து, சுவாமியார் தண்ணீர் தெளித்து மந்திரிக்க, ஆண்கள் வெட்டினார்கள். முதலில் ஒரு கோடுபோல ஒழுகிய தண்ணீர் பின்நேரம் இரண்டு பக்க மணலையும் இடித்துக்கொண்டு இரைந்தது. தொடுவாயில் வலையைக் குறுக்கே பிடித்துப் போன இறாலில் கொஞ்சத்தை மறித்தார்கள். புதன்கிழமை களப்பின் நடுவில் கொக்குகள் நடந்து திரிந்தன. சுவாமியார் கரையில் வந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொக்குகளைப் பார்த்தார். கடலில் நீந்த விடலாமா என்று கேட்டதற்கு ஒரு தாயும் சம்மதிக்கவில்லை. கடைசியில் சொன்னார்: "திட்டிலையிருந்து கரைக்கு வரவேணும். எப்பிடி வாறதெண்டது அவரவற்றை கெட்டித்தனம்."

திருநாளுக்கு முன்னான சனிக்கிழமை, ஆண்களின் போட்டியே பின்நேரம் முழுவதையும் தின்றுவிட்டது. இரண்டு பேருக்குச் செயின் கழன்றது, ஒருவர் குறுக்கு வழியால் வந்தார் என்று அடிபிடி. பெண்களை வள்ளத்தில் திட்டுக்கு ஏற்றிப் போகும்போது வெயில் சாய்ந்துவிட்டது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: மாலை வழிபாடு முடிய, சூசையப்பர், சிலை தூக்கும் மரக்கூட்டில் ஏறிக் கடற்கரையைச் சுற்றிக் கோயிலுக்குத் திரும்புவார். அவர் வாசலுக்குள் போகும்போது மணி அடிக்கும். மணிக்குப் பிறகு வருபவர் கணக்கில் இல்லை.

விசில் ஊதியது. மற்ற மூவரும் எழும்பி நடந்தார்கள். தண்ணீர் தொடைக்கு மேல் வரவில்லை. சேறுதான் காலைப் பிடித்து வைத்து இழுத்தது. இந்தச் சேற்றில் ஒருமுறை முழங்கால் திரும்பினால் முடிந்தது என்று ஜெயரூபினிக்குத் தெரியும். அவள் காலை ஊன்றவே இல்லை. தண்ணீரில் குப்புறப் படுத்து, மிதவையைத் தொடைக்குள் இடுக்கி, இரண்டு கையாலும் சேற்றைப் பற்றிப் பற்றித் தன்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"முதலை! முதலை!" என்று கரை முழுக்கக் கூவியது.

முதலைதான் முதலில் கரையேறியது. கண் மட்டும்தான் சேறில்லாமல் இருந்தது. அருந்ததி பாதி வழியில் செருப்பைத் தேடி நின்று, பிறகு வள்ளம் கொண்டுவரச் சொல்லிக் கத்தினாள். நிறஞ்சனாவும் இராசமலரும் கொஞ்சம் பின்னால்தான். அந்தக் கொஞ்சம் போதாது என்று சைக்கிளில் ஏறும்போதே ஜெயரூபினிக்குத் தெரிந்துவிட்டது.

ஆனாலும் சந்திவரை ஒருவரும் அவளைப் பிடிக்கவில்லை. கரியல் வெறுமையாக, காற்றில் சட்டை புடைக்க, இடது கால் அழுத்த அழுத்தச் சைக்கிள் பறந்தது. இதற்காகத்தானே என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பும் வழியில் இடது தொடை பிடித்தது. முதலில் நிறஞ்சனா கடந்துபோனாள். "போட்டு வாறன் மச்சாள்!" பிறகு இராசமலர்.

வாடியில் ஜெயரூபினி இறங்கியபோது முன்னுக்குப் போன இருவரின் காலடி மணலில் ஈரமாகக் கிடந்தது. இராசமலரின் முதுகு இன்னும் தெரிந்தது. எட்டிப் பிடிக்கக்கூடிய தூரம்தான். "ஓடு, ஓடு!" என்று வள்ளங்களில் ஏறி நின்றவர்கள் கத்தினார்கள். முழங்கால் வீங்கிச் சாறத்துண்டை இறுக்கியது. ஓடலாம். இன்றைக்கு இந்தக் கால் ஓடும். நாளைக்கு?

அவள் நடந்தாள்.

அதைவிடக் கஷ்டமான ஒன்றை அவள் வாழ்நாளில் செய்ததில்லை. நல்ல கால் ஒவ்வொரு அடிக்கும் தன்பாட்டில் துள்ளப் பார்த்தது. அதைப் பிடித்து வைத்து, வைத்து, நடந்தாள். இராசமலரின் முதுகு சிறுத்துச் சிறுத்து இல்லாமல் போனது. "என்ன, செத்தவீட்டுக்கோ போறாய்?" என்று ஒரு கிழவர் கேட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நடந்தாள்.

கோயில் முகப்புத் தெரியத் தொடங்கிய நேரம், அவளுக்கு முன்னால் இருந்த ஒழுங்கையிலிருந்து பாட்டும் மெழுகுதிரி வெளிச்சமுமாகக் கூடு வெளியே வந்து கடற்கரைக்குத் திரும்பியது. நாலு பேர் தோளில் சூசையப்பர். முன் தண்டில் பஸ்தியாம்பிள்ளை. பின்னால் சுவாமியார், அவருக்குப் பின்னால் ஊர். கூட்டை முந்திப் போவது அந்தக் கரையில் ஒருவரும் செய்யாத காரியம். ஜெயரூபினி ஊருக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டாள்.

கூடு ஒவ்வொரு இறங்குதுறையிலும் நின்றது. நின்ற இடத்தில் ஒரு செபம், தோள் மாற்றல், பிறகு நாலு அடி. அவளுடைய கை, கால், தலைமயிர் எல்லாம் துடித்தன. குளித்து ஈரத்தலையோடு வந்து ஊர்வலத்தில் சேர்ந்திருந்த நிறஞ்சனா திரும்பிப் பார்த்தாள்.

"மச்சாள், சூசையப்பரும் உங்களை முந்திப்போட்டார்!"

"செபத்தைச் சொல்லடி."

அடுத்தது கடைசித் துறை. அதற்கப்பால் கோயில் வாசல்தான். கூடு நின்றதும் வழக்கம்போல நோயாளிகளைக் கூப்பிட்டார்கள். காய்ச்சல்காரரும் பிள்ளைத்தாச்சிகளும் கூட்டின் பின்பக்கத்தால் குனிந்து, சூசையப்பருக்குக் கீழால் புகுந்து, முன்பக்கத்தால் வெளியே வருவார்கள். வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்று மற்றவர்களோடு சேர்ந்துகொள்வார்கள்.

அற்புதம் கூட்டத்துக்குள் மகளைக் கண்டு கையைப் பிடித்து இழுத்தாள். "எடியே, இஞ்ச வா. முழங்காலுக்கு நேந்துகொண்டு கூட்டுக்குக் கீழாலை போ. பரியாரியும் கைவிட்டான், நீயும் கைவிட்டாய். அவராவது பாக்கட்டும்."

குனிந்தால் வலது கால் மடங்காது. அதைப் பக்கவாட்டில் நீட்டி, ஒரு கையை மணலில் ஊன்றி, நண்டு மாதிரிப் போனாள். ஒரு பக்கம் தகப்பனின் மணல் பிடித்த கால், மேலே பலகை, மெழுகு உருகும் வாசம். மறுபக்கம் தலையை நிமிர்த்தினாள்.

முன்னால் ஒருவரும் இல்லை. வெறும் மணல், அதன் முடிவில் கோயில் வாசல்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சூசையப்பர் அவளுக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் சுவாமியார், திறந்த வாயை மூடாமல். பஸ்தியாம்பிள்ளை மகளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு தண்டைத் தோளில் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

ஜெயரூபினி ஒதுங்கவில்லை. நடந்தாள்.

"பாதர்! இது கள்ளம்!" நிறஞ்சனாவின் குரல் செபத்துக்கு மேலால் வந்தது.

கூடு எழும்பியது. அவள் கூட்டுக்கு முன்னால் நொண்ட, அவளை முட்டாமல் இருக்கத் தூக்கினவர்களும் அடியைக் குறைக்க, ஊர் முழுவதும் அவளுடைய முழங்காலின் வேகத்துக்கு வந்துசேர்ந்தது. பின் தண்டில் நின்றவர் முணுமுணுத்தார்: "பிள்ளை, கெதியா நட. தோள் கழலுது."

"ஓடக்கூடாது, அண்ணை. பரியாரியார் சொன்னவர்."

கோயில் வாசலில் மணிக்கயிற்றைப் பிடித்திருந்தவர் அவளையும் சூசையப்பரையும் மாறி மாறிப் பார்த்துக் குழம்பினார். அவள் படியைத் தாண்டிச் சேறும் மணலுமாக உள்ளே விழாத குறையாகப் போனாள். கூடு வாசலுக்குள் நுழைந்தது. மணி அடித்தது.

சண்டை சூசையப்பரைப் பீடத்தில் ஏற்றி வைக்கும்வரை பொறுத்திருந்தது.

"கூட்டை முந்தினால் பாவமோ இல்லையோ பாதர்?" என்றாள் நிறஞ்சனா.

"பாவம்தான்."

"அப்ப?"

சுவாமியார் நெற்றியைத் தடவினார். "பக்கத்தாலை போயிருந்தால் முந்தினது. இவ கீழாலை வந்தவ. கீழாலை வாறதை முந்தினதெண்டு சொன்னால், பிறகு காய்ச்சல்காரர் எல்லாரையும் நான் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிட வேண்டி வரும்."

சனம் சிரித்தது. நிறஞ்சனாவும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, ஜெயரூபினிக்குப் பக்கத்தில் படியில் இருந்தாள். "காலைக் காட்டுங்கோ மச்சாள்."

ஜெயரூபினி சாறத்துண்டை அவிழ்த்தாள். வீக்கம் இருந்தது. மெல்ல மடக்கினாள். வந்தது. நொந்தது, ஆனால் மடங்கியது.

"வாற சனிக்கிழமை தர்மபுரம் போகலாம் போலை கிடக்கு" என்றாள்.

"ஐயோ, மாமியிட்டைச் சொல்லிப்போடுவன்."

அதற்குள் ஸ்ரனிஸ்லஸ் எப்படியோ ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டான். "பெண்களுக்கான போட்டி முடிவு. முதலாமிடம் நிறஞ்சனா. இரண்டாமிடம் இராசமலர். மூன்றாமிடம் ஜெயரூபினி. நாலாமிடம், மயிரிழையில் தவறவிட்டவர், எங்கள் பங்கின் பாதுகாவலர் புனித..."

சுவாமியார் வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார்.